கடைசி முளையமும் வட்டைக் குளிசையும்

எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, தலைச்சுற்று இல்லை, மாதவிடாய் ஒருநாள் பிந்தியதில்லை. ஆறு வருடம் எந்த வருத்தமும் இல்லாமலே நான் நோயாளியாக இருந்தேன். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். உடம்பில் எந்த இடத்தைத் தொட்டு "இஞ்சதான் டொக்டர்" என்று காட்டுவதென்றே தெரியாது.

என் பெயர் தர்ஷினி. களுதாவளையில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. கூறை உடுத்தி, கொண்டை போட்டு நான் அனுப்பிவைக்கிற பெண்கள், அடுத்த வருடம் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முகம் செய்ய வருவார்கள். கதிரையில் இருந்துகொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "உங்களுக்கு இன்னும் ஒண்டும் இல்லையாக்கா?" என்று கேட்பார்கள். "கண்ணை மூடு, மை வழியப் போகுது" என்பேன். அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

கணவர் குகன் செட்டிபாளையத்து ஆள். பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வீட்டைப் பெண்ணுக்கு எழுதிவிட்டு, தாய் தகப்பன் அதே வளவுக்குள் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அதனால் என் அம்மாவும் அப்பாவும் கிணற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நான் தும்மினால் அம்மாவுக்குக் கேட்கும்.

முதல் மூன்று வருடமும் சோதனைகளில் போயிற்று. என் சூலகம் சரி, குழாய்கள் சரி, அவருடைய விந்தணுவும் சரி. எல்லாம் சரியாம், பிள்ளை மட்டும் இல்லையாம். 'காரணம் அறியப்படாத மலட்டுத்தன்மை' என்று எழுதித் தந்தார்கள். "தெரியாது எண்டு சொல்லுறதுக்கா காலமையில இருந்து லைனில வச்சிருந்தீங்க?" என்று ஆசுபத்திரி நடையிலேயே நான் கத்தினேன். குகன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து இளநீர் வாங்கித் தந்தார். நான் கத்தினால் அவர் எதையாவது குடிக்கத் தருவார். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

பிறகு கொழும்புக்குப் போனோம். முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருக்கட்ட வைக்கும் சிகிச்சை. ஊசிகள் போட்டு, முட்டைகள் எடுத்து, கடைசியில் எங்களுக்கு மூன்று முளையங்கள் (கருக்கட்டிய முட்டை பிரிந்து பெருகி, பிள்ளையாக வளரத் தொடங்கும் முதல் நிலை) கிடைத்தன. அவற்றை உறைய வைத்தார்கள். ஒவ்வொன்றாகக் கருப்பைக்குள் வைப்பது என்று முடிவானது.

முதலாவது பதியவில்லை. இரண்டாவதும் பதியவில்லை. இரண்டுமே பார்வைக்கு மிக நல்ல முளையங்கள் என்று டொக்டர் சொன்னார். என் முட்டைகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன, இன்னொரு தடவை எடுக்கப் பார்ப்பதில் பயனில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஆக, மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் போனால் எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"அந்த ரெண்டும் எங்க போச்சு டொக்டர்?" என்று கேட்டேன்.

"பதியாத முளையத்தை உங்கட உடம்பே கரைச்சு எடுத்திடும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் ஏறி இருந்துவிட்டது. ஊருக்கு வரும் ரயிலில் வெலிக்கந்தை தாண்டும் வரைக்கும் நான் குகனோடு கதைக்கவில்லை. என் உடம்பின்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் போனைத் தூக்கினேன். நீங்களும் தூக்கியிருப்பீர்கள். முளையத்தில் பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. தாயின் நிர்ப்பீடனம் (கிருமியையும் அந்நியப் பொருளையும் கண்டுபிடித்துத் தாக்கும் உடலின் காவல்) அந்தப் பாதியை எதிரி என்று நினைத்து அழித்துவிடும் என்று ஒரு இடத்தில் வாசித்தேன். கருப்பையின் உட்படையில் (உள்பக்கத்து மெல்லிய அடுக்கில்) 'இயற்கைக் கொல்லிக் கலங்கள்' என்ற காவல் உயிரணுக்கள் நிறைந்து கிடக்கின்றன என்று இன்னொரு இடத்தில். கொல்லி! பெயரைப் பார்த்ததுமே எனக்குப் போதும் என்றாகிவிட்டது. கொலைகாரி நான்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, தண்டனையையும் உடனே தொடங்கினேன்.

என் யோசனை இதுதான்: எதிர்ப்புச் சக்தி கூடினதால்தானே வினை, அப்படியென்றால் அதைக் குறைத்துவிட்டால் சரி. கொரோனாக் காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் தினமும் மல்லித்தண்ணி அவிப்பது வழக்கம். அதை நிறுத்தினேன். இஞ்சி, மஞ்சள், நெல்லி, தேசிக்காய், எல்லாவற்றையும் குசினியில் இருந்து ஒதுக்கினேன். நேரத்துக்குப் படுத்தால் சக்தி கூடும் என்று எங்கோ வாசித்ததால் நித்திரையையும் குறைத்தேன். அம்மாவுக்கு விசர் பிடிக்காத குறை.

"ஊர்ல எல்லாரும் சத்துக்கு அலையுறாங்க. நீ என்னடி புள்ள, சத்தைக் குறைக்கப் பாக்கிறா? கண்ணைப் பாரு, குழி விழுந்து கிடக்கு!"

"உங்களுக்கு விளங்காதும்மா. என்ட உடம்புக்குச் சண்டித்தனம் கூடிப்போச்சு. அதை அடக்கணும்."

"சண்டித்தனம் உன்ட வாய்க்குத்தான் கூட. அதை அடக்கு முதல்ல."

குகன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அம்மா, இவவோட இத்தனை வருசம் இருந்தும் எனக்கு ஒண்டும் ஆகல்ல. எனக்குத்தான் எதிர்ப்புச் சக்தி கூட" என்றார். சிரிக்கக்கூடாது என்று பிடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை, சிரித்துவிட்டேன். ஆனால் மல்லித்தண்ணி குடிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்குத் தடிமனும் இருமலும்தான் மிச்சம். ஒரு மணப்பெண்ணின் கழுத்துக்கு மேலே நின்று தும்மி, அவளுடைய தாயிடம் நல்ல பேச்சும் வாங்கினேன்.

அடுத்த முறை டொக்டரிடம் போனபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன். "காவலைப் படுக்கப் போடுற மருந்து ஒண்டு இருக்காம் டொக்டர், ஸ்டீரொயிட். அதைத் தாங்க. கூடுதலாகவே தாங்க."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷி. யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் முடியை நரைக்க வைத்தவர். "ஆர் உங்களுக்குச் சொன்னது, காவல் படுத்தால்தான் பிள்ளை தங்கும் எண்டு?"

"போன்ல இருந்திச்சு."

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

முளையம் கருப்பைக்கு வருகிற நேரத்தில் காவல் நித்திரை கொள்வதில்லை. மாறாக, அந்தக் கிழமைதான் அது முழு விழிப்பாக இருக்கும். முளையத்தின் வெளிப்படையில் (மேல் அடுக்கில்) இருக்கும் கலங்கள் ஒரு சமிக்ஞையை (ஒரு கலம் மற்றக் கலத்துக்கு அனுப்பும் இரசாயனச் செய்தியை) அனுப்பும். தகப்பனின் அடையாளம் முழுவதையும் காட்டிக்கொண்டு அது வராது. வழக்கமாகச் சண்டையைக் கிளப்புகிற அடையாளங்களை மறைத்துவிட்டு, 'நான் எதிரி இல்லை' என்று சொல்லுகிற ஒரு தனி அடையாளத்தை முன்னால் பிடிக்கும். கருப்பை உட்படையில் இருக்கும் அந்தக் கொல்லிக் கலங்கள் அதை வாசிக்கும். வாசித்துவிட்டுக் கொல்வதில்லை. இரத்தக் குழாய்களை அகலமாக்கி, முளையம் வேர்விட வழி செய்து கொடுக்கும். வேறு சில கலங்கள் மற்றக் காவலாளிகளைப் பிடித்து அமைதிப்படுத்தும். பதிகிற நேரத்தில் கொஞ்சம் அழற்சியும் (சூடும் வீக்கமும் சிவப்புமாக உடல் காட்டும் எதிர்வினை) வேண்டும். பிறகு அது அடங்க வேண்டும்.

"அவையளைப் படுக்கப் போட்டால் ஆர் பாதை வெட்டுறது?" என்று டொக்டர் கேட்டார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. "இது எங்கட ஊர்ல மாப்பிள்ளை வாற மாதிரி டொக்டர்" என்றேன். குகன் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் யாரும் நித்திரை கொள்ளவில்லை. அம்மா அலுமாரியில் இரண்டு தட்டை ஒதுக்கினா. அப்பா தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குப் போனார். நாய் மட்டும் கொஞ்ச நாள் குரைத்தது. விழித்திருந்த ஆட்கள்தான் வந்தவருக்கு இடம் செய்து கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த குகன், "நாய் ஒரு தரம் கடிச்சது. அதையும் சொல்லு" என்றார். டொக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஆனால் அவர் ஸ்டீரொயிட் தரவில்லை. அந்த மாதிரி மருந்துகள் எல்லாருக்கும் உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, தேவையில்லாமல் கொடுத்தால் கெடுதலும் வரலாம் என்றார். அதற்குப் பதிலாக என் கருப்பை உட்படையில் இருந்து சின்னத் துண்டொன்றை எடுத்துச் சோதித்தார். வலித்தது. வலிக்காது என்று உங்களுக்குச் சொல்லுகிறவர்களை நம்பவேண்டாம். ஒரு பெரிய கிள்ளு, கொஞ்ச நேரத்துக்கு வயிற்றை முறுக்கும், பிறகு போய்விடும். நான் தாதியின் கையைப் பிடித்த பிடியில் பாவம் அவளுடைய விரல் வெள்ளையாகிவிட்டது.

முடிவு வந்தது. அந்தத் துண்டில் பிளாஸ்மாக் கலங்கள் (கிருமிக்கு எதிரான புரதத்தைச் செய்யும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள்) இருந்தன. அவை அந்த இடத்தில் அவ்வளவு இருக்கக்கூடாதாம். எனக்கு நாட்பட்ட கருப்பை உட்படை அழற்சி இருந்திருக்கிறது. எப்போதோ ஏறிய ஏதோ கிருமி, நோவும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல் உள்ளேயே புகைந்துகொண்டு கிடந்திருக்கிறது. கலியாண வீட்டில் லவுட்ஸ்பீக்கரை உச்சத்தில் போட்டால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காதே, அப்படி முளையத்தின் சமிக்ஞை என் உட்படைக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

"போயிருக்கலாம் எண்டுதான் சொல்லுறன்" என்று டொக்டர் விரலை நீட்டினார். "இதுதான் காரணம் எண்டு நான் எழுதித் தரமாட்டன். எல்லா டொக்டர்மாரும் இதில ஒரே கருத்தில்லை. ஆனா மருந்து லேசான மருந்து. செய்து பாப்பம்."

இரண்டு கிழமைக்கு டொக்சிசைக்கிளின் குளிசை (மாத்திரை). கிருமிகொல்லி. கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாத மருந்து என்பதால் அந்த மாதம் கவனமாக இருக்கச் சொன்னார். இவ்வளவுதானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை. ஆறு வருடக் கண்ணீருக்குக் கொஞ்சம் பெரிய மருந்தாகத் தந்திருக்கலாம்.

கூத்து அதற்குப் பிறகுதான். நான் அந்தக் குளிசைப் பட்டையைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து அதைத் தூக்கிப் பார்த்தார். அப்பாவுக்குப் படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே உள்ள நெல்வயல் பக்கத்தில்) வயல் இருக்கிறது. உழவு தொடங்கும் காலத்தில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க சுகாதாரப் பகுதியில் குளிசை கொடுப்பார்கள். அதே குளிசை!

"இது வட்டைக் குளிசைதானே புள்ள! இதுக்கா கொழும்புக்குப் போய் வந்தீங்க? என்ட பேணியில போன போகத்துக்குத் தந்தது மிச்சம் கிடக்கு, அள்ளிக்க."

மிச்சம் கிடக்கிற குளிசையை யாரும் அள்ளவேண்டாம். அளவும் நாளும் வேறு. ஆனால் அப்பா சொன்ன ஒன்று உண்மை: "வெறும் வயித்தில போடாத. போட்டுட்டு உடனே படுக்காத. நெஞ்சு எரியும்." எரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகாக்கா துணி காயப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. அப்பாவின் குரல் வட்டைக்குள் நின்று கத்திப் பழகிய குரல். அன்று பின்னேரமே அம்மாவைப் பிடித்து, "என்னகா, உங்கட மகளுக்கு எலிக்காய்ச்சலாமே?" என்று கேட்டிருக்கிறா. அம்மாவுக்கு இரண்டு வழி இருந்தது. கருப்பைக் கதையைச் சொல்வது ஒன்று. தலையாட்டுவது மற்றது. அம்மா தலையாட்டிவிட்டா. "ஓம்கா, அப்பிடித்தான் டொக்டர் சொல்லுறாங்க" என்று ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டாவாம்.

அடுத்த நாள் ஒரு மணப்பெண்ணின் தாய் போன் எடுத்து, தங்கள் மகளுக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னா. "ஏன் அக்கா?" என்றால் காரணம் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் பழங்கள் அனுப்பினார்கள், ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை, படியில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்கிறவர், மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றில் இறங்கினார்.

"இஞ்ச ஒராளுக்கு எலிக்காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டம். எத்தின நாளாக் காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்ல சேர்" என்றார் குகன்.

"காய்ச்சல் இல்லாம எலிக்காய்ச்சலா?"

"குளிசை மட்டும்தான் போடுறாங்க சேர்."

"காய்ச்சல் இல்லாம என்னத்துக்குக் குளிசை?"

குகன் என்னைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. வேலியில் மல்லிகாக்காவோடு இன்னும் இரண்டு தலைகள் முளைத்திருந்தன. எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. ஆறு வருடம் "கண்ணை மூடு, மை வழியும்" என்று விழுங்கின எல்லாம் ஒன்றாக வந்தது.

"எனக்கு எலிக்காய்ச்சலும் இல்ல, பூனைக்காய்ச்சலும் இல்ல! வயித்தில புள்ள தங்கல்ல. ரெண்டு முறை வச்சு ரெண்டும் போய்ட்டு. கருப்பையில அழற்சி, அதுக்குத்தான் இந்தக் குளிசை. கடைசியா ஒரு முளையம் கிடக்கு, அதையும் வைக்கப் போறம். எல்லாருக்கும் கேட்டுச்சா? மறுகா வேற என்ன தெரியணும்?"

பி.எச்.ஐ. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நல்லம் தங்கச்சி. குளிசையை இடையில நிப்பாட்டாதீங்க" என்றார். போகும்போது திரும்பி, "அந்தக் கோழிக்கூட்டுக்குப் பின்னால எலி வளை ஒண்டு கிடக்கு. அதை மூடிவிடுங்க" என்றும் சொன்னார். அவர் கடமையை அவர் செய்தார்.

வெட்கத்தில் செத்துப்போவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. உடம்பு பஞ்சு போல ஆகிவிட்டது. அந்தக் கிழமையே ஒரு பெண் கடைக்கு வந்து, வாசல் சீலையை இழுத்து மூடிவிட்டு, புருவம் எடுக்க என்று இருந்தவள், "அக்கா, எனக்கும் தங்குறதில்ல" என்றாள். அதற்குப் பிறகு இன்னொருத்தி. எங்கள் ஊரில் இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததும் அவர்களால்தான்.

மறுபடி எடுத்த துண்டில் அந்தக் கலங்கள் இல்லை. மூன்றாவது முளையத்தை வைக்கும் நாள் குறித்தார்கள்.

வைப்பதற்கு மயக்க மருந்து தேவையில்லை. மெல்லிய குழாய் ஒன்று, வயிற்றுக்கு மேலே ஸ்கான். திரையில் வெள்ளையாக ஒரு புள்ளி மினுங்கி நின்றது. குகன் திரைக்குக் கிட்டக் குனிந்து, "அதுதானா டொக்டர் எங்கட புள்ள?" என்று கேட்டார். "அது கூடப் போற காற்றுக் குமிழி. முளையம் இதில தெரியாது" என்றார் டொக்டர். என் மனுஷன் காற்றுக் குமிழியைப் பார்த்தே கண் கலங்கியிருந்தார்.

"இனி நான் என்ன செய்யணும் டொக்டர்?"

"ஒண்டும் இல்லை. ஓமோன் குளிசையை விடாமல் வையுங்கோ. சாப்பிடுங்கோ, நடவுங்கோ, வேலைக்குப் போங்கோ. மிச்சத்தை அதுவும் உங்கட உட்படையும் கதைச்சு முடிவெடுக்கும்."

எனக்கு இதைவிடக் கஷ்டமான வேலை யாரும் தந்ததில்லை. என் உடம்புக்குள் ஒரு கதை நடக்கிறது, எனக்கு அதில் இடமில்லை! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. உள்ளே ஊசி முனையளவு ஒன்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும், என் காவல்காரர்கள் அதை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வெளியே இருந்து சோறு தின்ன வேண்டும். முதல் தடவையாக அந்தக் காவல்காரர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 'பார்த்துச் செய்யுங்க' என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மல்லித்தண்ணியும் குடித்தேன். அம்மா கோப்பையைப் பெரிய கோப்பையாக மாற்றிவிட்டா.

நடுவில் ஒருநாள் கொஞ்சம் இரத்தம் பட்டது. கழிப்பறைக்குள்ளேயே இருந்து அழுதேன். டொக்டருக்குப் போன் எடுத்தால், "அது எந்தப் பக்கமும் சொல்லாது. குளிசையை நிப்பாட்டாதேங்கோ" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன்.

இரத்தச் சோதனையின் முடிவு வந்தபோது நான் ஒரு மணப்பெண்ணுக்குக் கொண்டை குத்திக்கொண்டிருந்தேன். எலிக்காய்ச்சலுக்குப் பயந்து வேறு ஆள் பார்த்தார்களே, அதே பெண். வேறு ஆள் சரிவரவில்லை என்று திரும்பி வந்திருந்தார்கள். முளையம் பதிந்தால் அதன் வெளிப்படைக் கலங்கள் தாயின் இரத்தத்துக்குள் ஒரு ஓமோனை அனுப்பும். அது என் இரத்தத்தில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்று தாதி போனில் சொன்னாள். வாயில் கொண்டை ஊசியோடு நான் அப்படியே நின்றேன். "என்னக்கா?" என்றாள் மணப்பெண். சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் அழுகை வந்து, அரை மணித்தியாலம் பாடுபட்டுப் பூசின முகம் முழுக்க வழிந்துபோயிற்று. முகூர்த்தத்துக்கு அவளை அனுப்ப நான் பட்ட பாட்டைக் கடவுள் அறிவார்.

குகனுக்குப் பிறகுதான் சொன்னேன். அவர் யாரோ வீட்டில் கழற்றிய பிரிட்ஜின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சொன்னதும், ஸ்பானரைப் போட்டுவிட்டுக் கதவோடு தெருவுக்கு வந்துவிட்டாராம். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்து கதவை வாங்கிக்கொண்டு போனாராம்.

இனி ரிஸ்னாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இது பொய்க் கட்டுரையாகிவிடும். ரிஸ்னா காத்தான்குடிப் பிள்ளை. கொழும்பில் அதே டொக்டரின் வாசலில் பழக்கமானவள். ஒரே ரயிலில் போவோம், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்போம். எனக்கு வைத்த அதே மாதம் அவளுக்கும் வைத்தார்கள். அவளுக்கு அழற்சி ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் சுத்தமாக இருந்தது. அவளுடையது பதியவில்லை.

அவளுக்குப் போன் எடுக்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் அவளே எடுத்தாள். "ஏன்புள்ள ஒளிக்கிறாய்? எனக்குக் கிடைக்கல்ல எண்டா உனக்கும் கிடைக்கப்படாதா? விசரி!" என்று திட்டினாள். "நாங்க இத்தோட நிப்பாட்டுறம்புள்ள. அல்லாஹ்ட நாட்டம். நானும் அவரும் நல்லாத்தான் இரிக்கம், எங்களுக்கு நாங்க போதும்" என்றாள். அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை. அவர்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அதனால் குளிசைதான் பிள்ளை தந்தது என்று நான் எழுதமாட்டேன். அந்த முளையமே கெட்டிக்கார முளையமாக இருந்திருக்கலாம். டொக்டரும் அப்படித்தான் சொல்கிறார். உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். ஏன், எதற்கு, ஆதாரம் என்ன என்று கேளுங்கள். கத்த வேண்டி வந்தால் கத்துங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: உங்கள் உடம்பைக் கொலைகாரி என்று சொல்லாதீர்கள்.

மகள் பிறந்தாள். குகனின் மூக்கு, என் வாய். அந்த வாயால் அவள் செய்கிற அட்டகாசம் மல்லிகாக்கா வீடு வரைக்கும் கேட்கிறது.

ஆறு வருடம் என் மாதத்துக்கு இரண்டு பாதிகள்தான். நம்புகிற பாதி, அழுகிற பாதி. இப்போது மாதம் எப்போது முடிகிறது என்றே தெரிவதில்லை. பால் கொடுத்தேனா, கழுவினேனா, அதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது. உடம்பும் பழைய உடம்பில்லை. பிள்ளையின் கலங்கள் சில தாயின் உடம்பில் பல வருடங்களுக்குத் தங்கிவிடுமாம், டொக்டர்தான் சொன்னார். என் இரத்தத்தில் இப்போது மகளும் கொஞ்சம் ஓடுகிறாள், அவள் வழியாகக் குகனும். ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் இல்லையாம்.

இரண்டாம் மாதத் தடுப்பூசி போட்ட அன்று பின்னேரம் அவளுக்கு உடம்பு காயத் தொடங்கியது. இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்று மிட்வைப் மிஸ் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தா. ஆனாலும் அம்மா கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து ஓடி வந்துவிட்டா. குகன் விறாந்தையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் அவளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கன்னம் என் தோளில் சுட்டது.

ஊசியில் போனது அந்நியப் பொருள். அதை அவளுடைய காவல் கண்டுபிடித்துவிட்டது. இது நானில்லை என்று அந்தச் சின்ன உடம்பு தானாகவே சொல்கிறது. எனக்குள் இருந்த காலம் முழுக்க அவளுக்கு என் சூடுதான் இருந்தது. இந்தச் சூடு அவளுடையது.

"ஏன்டி சிரிக்கிறா? புள்ளைக்குக் காயுது!" என்றா அம்மா.

"காயட்டும்மா" என்றேன். "காய்டி என்ட ராசாத்தி. நல்லாக் காய்."